மேலே போனால் போதுமா, இறங்க வேண்டாமா?
வாசகர் கேள்வி-பதில்: மாதிரி ராக்கெட்

மாதிரி ராக்கெட் கிட் கட்டுவது பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ராக்கெட் கிட் வந்தது. காகிதக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, மரத்தகடு, பாராசூட் எல்லாம் இருக்கிறது. மோட்டார் மட்டும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி அடுத்த மாதம் வரும்போது வாங்கி வரச் சொல்லலாமா?
– ஒரு தாய், ஆஸ்டின் டவுன்

சொல்லாதீர்கள். தம்பி விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வார். ஆரம்ப நிலை மோட்டாருக்குள் இருப்பது கருமருந்து. தடித்த காகிதக் குழாயின் அடியில் களிமண் நாசில் (வாயு பீறிடும் துளை), அதற்கு மேல் இறுக்கி அழுத்திய மருந்து, அதற்கும் மேல் புகைவிட்டுக்கொண்டே மெதுவாக எரியும் தாமதக் கலவை, பிறகு பாராசூட்டை வெளியே தள்ளும் சிட்டிகை மருந்து, கடைசியில் களிமண் மூடி. கட்டைவிரல் பருமனுக்குள் இத்தனையும் அடக்கம். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருந்தாலும் சட்டத்துக்கு அது வெடிபொருள். 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. இறக்குமதி செய்ய, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு) அமைப்பின் உரிமம் வேண்டும். கைப்பை, செக்-இன் பெட்டி, தபால் எதிலும் அதைக் கொண்டுவர முடியாது.

உரிமத்தோடு மோட்டார் வைத்திருக்கும் நிறுவனமோ கல்லூரியோ ஏவுநாள் நடத்தினால், உங்கள் மகனின் ராக்கெட்டையும் அங்கே விட முடியுமா என்று கேளுங்கள். அதுதான் நேர்வழி. கிட்டைக் கட்டி முடிக்க மோட்டார் தேவையில்லை. 18 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் உள்ள காகிதச் சுருளுக்குள் மாடலிங் களிமண் அடைத்து ஒரு டம்மி செய்துகொள்ளுங்கள். ஏ8-3 மோட்டாருக்கு ஈடாக 16 கிராம், சி6-5 மோட்டாருக்கு ஈடாக 24 கிராம் (இந்தக் குறிகளின் பொருள் அடுத்த பதிலில்). நகை எடை போடும் சின்னத் தராசு இருந்தால் சரியாக வரும். கீழே சொல்லியிருக்கும் சோதனைகள் எல்லாவற்றையும் இந்த டம்மியை வைத்தே செய்துவிடலாம்.

ஏ8-3, பி6-4, சி6-5 என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, பெரிய எழுத்துதான் நல்லதா?
– பத்தாம் வகுப்பு மாணவர், ஸ்ரீராம்புரம்

எழுத்து, மோட்டார் தரும் மொத்த உந்தத்தின் அளவு. ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி, பி என்றால் 5, சி என்றால் 10. ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டிப்பு. அடுத்து வரும் எண் சராசரி விசை, நியூட்டனில். கோட்டுக்குப் பின்னால் இருப்பது, மருந்து எரிந்து முடிந்த பிறகு பாராசூட் வெளியே வரும் வரை ஆகும் விநாடிகள்.

பலரும் முதல் எழுத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். கவனிக்க வேண்டியது கடைசி எண்ணைத்தான். ராக்கெட் உச்சிக்குப் போய் ஏறக்குறைய நிற்கும் தருணத்தில் பாராசூட் வர வேண்டும். கனமான ராக்கெட் சீக்கிரமே உச்சியை எட்டிவிடும். அதற்கு நீண்ட தாமதம் உள்ள மோட்டாரைப் போட்டால், தலைகீழாகத் திரும்பி வேகம் பிடித்த பிறகுதான் பாராசூட் வரும். சில சமயம் மண்ணில் குத்தி நின்ற பிறகு வரும்! தாமதம் குறைவாக இருந்தாலும் வம்புதான். முழு வேகத்தில் மேலே போகும்போதே பாராசூட் விரிந்தால், அதன் கயிறு காகிதக் குழாயின் வாயை ஜிப்பைத் திறந்தது போலக் கிழித்துவிடும். பூஜ்ஜியத்தில் முடியும் மோட்டார், அதாவது சி6-0 போன்றது, இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கானது. ஒற்றை ராக்கெட்டில் அதைப் போடக் கூடாது.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. சராசரி விசை, ராக்கெட்டின் மொத்த எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். 6 நியூட்டன் என்பது ஏறக்குறைய 600 கிராம் எடைக்குச் சமம். ஐந்தால் வகுத்தால் 120 கிராம். மோட்டாரையும் சேர்த்து அதற்குள் இருந்தால்தான், ராக்கெட்டை நிறுத்தி வைக்கும் ஏவு கம்பியை விட்டுக் கிளம்பும்போது நேராகப் போகும் அளவுக்கு வேகம் கிடைக்கும்.

முதல் தடவைக்கு ஏ போதும். 35 கிராம் ராக்கெட்டை அதுவே 80, 90 மீட்டர் ஏற்றிவிடும். அடுக்குமாடிக் கணக்கில் இருபத்தைந்து மாடிக்கு மேல்.

கிட்டில் உள்ள குறிப்புப்படிதான் ஒட்டினேன். மோட்டார் பிடிக்கும் உள்குழாய் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. இப்போது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஃபின்களும் (வால் இறக்கைகளும்) கோணலாக இருக்கின்றன. அடுத்த கிட்டில் எதையெல்லாம் மாற்றிச் செய்ய வேண்டும்?
– ஐ.டி. ஊழியர், பி.டி.எம். லேஅவுட்

முதல் கிட்டில் பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். காரணம் ஃபெவிகால், தப்பு அதன் மேல் இல்லை. அட்டை, பசையில் உள்ள தண்ணீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். உள்குழாயைப் பெரிய குழாயின் நடுவில் பிடிக்கும் அட்டை வளையங்கள் லேசாக உப்பும். நான்கைந்து விநாடி கையை நிறுத்தினால் போதும், அங்கேயே பிடித்துக்கொள்ளும். அதனால் பசை தொடுவதற்கு முன்னால் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, பசையில்லாமல் உள்குழாயைச் செருகி, இழுத்து, தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வளையத்தின் விளிம்பை 400 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். இரண்டு, உள்குழாயில் எது வரைக்கும் போக வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுங்கள். மோட்டாரின் அடி, ராக்கெட்டுக்கு வெளியே ஏறக்குறைய 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால்தான் பிடித்து இழுத்துக் கழற்ற முடியும். மூன்று, மோட்டாரைப் பிடிக்கும் உலோகக் கொக்கி சுதந்திரமாக வளைகிறதா என்று பாருங்கள். அதன் மேல் பசை வழிந்தால் மோட்டாரை மாட்டவே முடியாது.

பிறகு பசை. வளையத்தின் மேல் தடவாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சியால், பெரிய குழாயின் உள்சுவரில், மேல் வளையம் போய் உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சுற்றுத் தடவுங்கள். வளையம் பசையைத் தள்ளிக்கொண்டே போய் அதிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒரே மூச்சில், நிறுத்தாமல், கோடு வரை தள்ளுங்கள். கீழ் வளையத்துக்கு வெளியிலிருந்து பிறகு தனியாகப் பசை வைக்கலாம். சிக்கிப்போன உங்கள் பழைய கிட்டை, குழாயை அந்த இடத்தில் வெட்டிக் குட்டையாக்கியும் காப்பாற்றலாம். ஆனால் நீளம் குறைந்தால் நிலைத்தன்மையும் குறையும். விடுவதற்கு முன் கீழே உள்ள கயிற்றுச் சோதனை கட்டாயம்.

ஃபின்களுக்கு வருவோம். பால்சா மரத்தகட்டில் நரம்பு ஓடும் திசை, ஃபின்னின் முன் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே வெட்டினால், தரை தொடும் முதல் அடியிலேயே பிஸ்கட் மாதிரி உடையும். முன் விளிம்பை வட்டமாகவும் பின் விளிம்பை மெல்லிதாகவும் தேய்க்கலாம். குழாயில் ஒட்டும் விளிம்பை மட்டும் சப்பையாகவே விடுங்கள். ஆர்வத்தில் அதையும் சேர்த்து உருட்டிவிட்டுப் பிறகு "ஒட்டவே மாட்டேங்குது" என்பவர்கள் நிறைய.

கோணல் வருவது கோடு போடுவதில்தான். ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி, சந்திக்கும் இடத்தில் வெட்டி, அதை மூன்றாக மடித்தால் 120 பாகை இடைவெளிகள் கிடைக்கும். அந்தக் குறிகளிலிருந்து நீளவாக்கில் நேர்கோடு போட ஸ்கேல் உதவாது. உருண்டையின் மேல் ஸ்கேல் வழுக்கும். குழாயை எல் வடிவ அலுமினிய ஆங்கிளின் உள்பக்கத்தில் கிடத்தி, அதன் விளிம்பையொட்டிப் பென்சிலை ஓட்டுங்கள். ஆங்கிள் இல்லையா, கதவு நிலையின் உள்மூலை போதும்.

ஒட்டும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபின்னின் விளிம்பில் மெல்லிசாக ஃபெவிகால் தடவி, கோட்டில் வைத்து அழுத்தி, உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் பிசுபிசுப்பாகும் வரை ஓரிரு நிமிடம் விடுங்கள். பிறகு இன்னொரு மெல்லிய பூச்சு வைத்து ஒட்டினால், அரை நிமிடத்தில் கை விட்டாலும் நிற்கும். பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, மூன்றும் நடுவிலிருந்து விரிகின்றனவா என்று சரிசெய்யுங்கள். மறுநாள், ஃபின்னும் குழாயும் சேரும் மூலையில் ஒரு கோடு பசை விட்டு, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். ராக்கெட்டைப் படுக்க வைத்தே காய விடுங்கள். நிறுத்தி வைத்தால் பசை அடியில் போய்த் தேங்கும். ஃபெவிக்விக்கில் ஒட்டினால் என்ன என்று கேட்பீர்கள். சட்டென்று ஒட்டும், ஆனால் மூட்டு கண்ணாடி போல விறைப்பாகி, அதிர்ச்சியில் பட்டென்று விடும். காகிதத்துக்கும் மரத்துக்கும் வெள்ளைப் பசையை மிஞ்சியது இல்லை.

கம்பி நுழையும் சிறு குழலை ஃபின்களுக்கு நடுவே, ராக்கெட்டின் அச்சுக்கு நேராக ஒட்டுங்கள். உள்ளே பசை போயிருந்தால் கம்பியில் சிக்கி, ராக்கெட் அங்கேயே எரிந்துகொண்டு நிற்கும். காய்ந்ததும் 3 மி.மீ. கம்பியை விட்டு எடுத்துப் பாருங்கள்.

ஒரு பயிற்சி முகாமில் விட்டோம். ராக்கெட் அழகாக மேலே போனது. மேலே 'டப்' என்று சத்தம் கேட்டது, பாராசூட் வெளியே வந்தது, ஆனால் விரியாமல் குச்சி மாதிரி தொங்கிக்கொண்டே விழுந்தது. இன்னொரு பையனின் பாராசூட் உருகிப் போயிருந்தது. இருவருமே சொன்னபடிதான் மடித்தோம்.
– எட்டாம் வகுப்பு மாணவி, காக்ஸ் டவுன்

மடித்தது சரியாகவே இருக்கலாம் அம்மா. எப்போது மடித்தீர்கள் என்பதுதான் கேள்வி. முந்தின நாள் இரவே மடித்து வைத்தால் பிளாஸ்டிக் அந்த மடிப்பிலேயே பழகிவிடும். பெங்களூருவின் டிசம்பர், ஜனவரிக் காலைக் குளிரில் அது இன்னும் விறைத்துக்கொள்ளும். வெளியே வந்தாலும் பிரியாது. அதனால் ராக்கெட்டைக் கம்பியில் மாட்டப் போவதற்குச் சில நிமிடம் முன்புதான் மடிக்க வேண்டும். பாராசூட்டைத் தரையில் விரித்து, இரண்டு பக்கமும் முகப்பவுடரைத் தூவித் தடவுங்கள். உச்சியைப் பிடித்துத் தூக்கி, கூம்புப் பொட்டலம் மாதிரி வழித்துவிட்டு, நீளவாக்கில் மடித்து, பிறகு மேலும் கீழுமாக இரண்டு மடிப்பு. நூல்களை அதன் மேல் தளர்வாக இரண்டு சுற்று. அவ்வளவுதான். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல இறுக்கிச் சுற்றினால் பிரியாது. மடித்த பொதி குழாய்க்குள் தானாக வழுக்கி விழ வேண்டும். விரலால் குத்தித் திணிக்க வேண்டியிருந்தால், பிரித்து மறுபடி மடி.

அந்தப் பையனின் பாராசூட் உருகியதற்குக் காரணம் வாடிங் போதாமை. மோட்டாரிலிருந்து வரும் தள்ளு மருந்து ஒரு கணம் நெருப்பாகத்தான் வரும். அதற்கும் பாராசூட்டுக்கும் நடுவே, தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய வாடிங் தாளை மூன்று நான்கு எடுத்து, லேசாகக் கசக்கி, குழாயின் விட்டத்தைப் போல் ஒன்றரை இரண்டு மடங்கு ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். குழாய்ச் சுவரில் இடுக்கு விடக் கூடாது. அடைத்தது போல இறுகவும் கூடாது. சாதாரண டிஷ்யூ பேப்பரைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது கனன்றுகொண்டே கீழே விழும். பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த புல்லில் விழுந்தால் நிலைமை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சந்தேகமான தாளைக் கழுவுதொட்டிக்கு மேல் இடுக்கியில் பிடித்து ஒரு பெரியவர் கொளுத்திப் பார்க்கட்டும். தீக்குச்சியை எடுத்ததும் அணைந்துவிட்டால்தான் அது வாடிங்.

நோஸ் கோனின், அதாவது பிளாஸ்டிக் மூக்கின், இறுக்கமும் முக்கியம். இறுக்கமாக இருந்தால் தள்ளு மருந்தின் அழுத்தம் வேறு வழி தேடி மோட்டாரையே பின்னால் பிதுக்கிவிடும். பாராசூட் உள்ளேயே தங்கிவிடும். தளர்வாக இருந்தால் வேகம் குறையும்போதே கழன்றுவிடும். மூக்கைப் பிடித்துத் தூக்கினால் ராக்கெட் தொங்க வேண்டும், லேசாக உதறினால் கழல வேண்டும். தளர்வுக்கு மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்றுச் சுற்று, இறுக்கத்துக்கு உப்புத்தாள்.

இன்னொன்று. மூக்கையும் குழாயையும் இணைக்க, பல கிட்டுகளில் வரும் எலாஸ்டிக் நாடா மிகவும் குட்டை. மூக்கு வெடித்துக் கிளம்பி, ரப்பர் இழுக்க, திரும்பி வந்து குழாயின் வாயிலேயே மோதிப் பள்ளம் போடும். சிக்பேட்டை தையல் சாமான் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. எலாஸ்டிக்கை, ராக்கெட்டின் நீளத்தைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு வெட்டி மாற்றிவிடு. அதைப் பிடிக்கும் மடித்த காகிதத்தைக் குழாயின் வாயிலிருந்து 3 செ.மீ.யாவது உள்ளே தள்ளி ஒட்டு. நோஸ் கோனின் தோள் அங்கே இடிக்கக் கூடாது.

தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து அந்த மருந்தை இதில் போட்டால் என்ன?
– பெயர் எழுதாத வாசகர், சிவாஜிநகர்

கூடாது. சர்க்கரை, உரம் என்று வீடியோக்களில் காட்டுவதும் கூடாது. பட்டாசைப் பிரிக்கும்போது உரசலிலேயே தீப்பிடித்து விரல் போகலாம். அதற்கு மேல் இதில் விளக்க எதுவும் இல்லை.

ராக்கெட்டுக்கு நானே ஒரு பெரிய பிளாஸ்டிக் பொம்மை விண்வெளி வீரரை அடியில் ஒட்டி அழகுபடுத்தினேன். கம்பியை விட்டதும் சக்கரம் போலச் சுழன்று தரையில் பாய்ந்தது. மோட்டார் கோளாறா?
– பட்டயப் படிப்பு மாணவர், விவேக் நகர்

மோட்டார் தன் வேலையைச் செய்துவிட்டது. வீரர்தான் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். ராக்கெட்டுக்கு இரண்டு மையங்கள். ஒன்று, எடை சமன்படும் ஈர்ப்பு மையம். இன்னொன்று, பக்கவாட்டுக் காற்றின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து செயல்படும் அழுத்த மையம். ஈர்ப்பு மையம் முன்னால், அழுத்த மையம் பின்னால், இரண்டுக்கும் நடுவே குறைந்தது குழாயின் ஒரு விட்டம் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் ராக்கெட் சற்றுச் சாய்ந்தாலும் காற்று ஃபின்னைத் தள்ளி நேராக்கும். காற்றுக்காட்டிச் சேவல் திரும்புகிற அதே தத்துவம். அடியில் எடை சேர்த்தால் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். ஏ மோட்டாரிலிருந்து சி மோட்டாருக்கு மாறினாலும் இதேதான், 8 கிராம் வாலில் கூடுகிறது.

சோதனை இப்படி. மோட்டாரோ டம்மியோ, வாடிங், பாராசூட், எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ராக்கெட்டைக் கயிற்றுச் சுருக்கில் தொங்கவிட்டு, கிடைமட்டமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கயிற்றை நகராமல் செய்து, இரண்டு மீட்டர் கயிற்றில் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. வால் முன்னால் வந்தாலோ குறுக்கே தத்தளித்தாலோ, நோஸ் கோனுக்குள் மாடலிங் களிமண்ணை 3, 4 கிராமாகச் சேர்த்து மறுபடி சுழற்றுங்கள். இந்தச் சோதனை கொஞ்சம் கறாரானது; இதில் தேறிய ராக்கெட் மேலேயும் தேறும்.

விண்வெளி வீரரை மூக்குக்குள் உட்கார வையுங்கள். எடையும் உதவும், அவருக்கும் மரியாதை.

பொத்தானை அழுத்தினால் பல்பு எரிகிறது, மோட்டார் பற்றவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கலாமா?
– அறிவியல் ஆசிரியை, அல்சூர்

உடனே போகாதீர்கள். பொத்தான் உள்ள ஏவு பெட்டியின் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுதாக 60 விநாடி காத்திருங்கள். பிறகு ஒரே ஒரு பெரியவர் மட்டும் போகலாம்.

பல்பு எரிவதால் சுற்று முழுமை என்று தெரிகிறது. ஆனால் பல்புக்குத் துளி மின்சாரம் போதும், மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டருக்குக் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு பேட்டரி அதைத் தராது. புதிய அல்கலைன் பேட்டரி நான்கு போடுங்கள். அப்படியும் பற்றவில்லை என்றால் இக்னைட்டரின் நுனி மருந்தைத் தொடவில்லை. நாசிலின் அடிவரை போகும்படி செருகி, கூடவே வரும் பிளாஸ்டிக் அடைப்பானை அழுத்த வேண்டும். பல்பே எரியாவிட்டால் கிளிப்புகளைப் பாருங்கள். முந்தைய புகையின் கரி படிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் போதும். இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டாலோ, அடியில் உள்ள தகரத் தட்டைத் தொட்டாலோ மின்சாரம் குறுக்கே போய்விடும், பல்பு எரியும், ராக்கெட் கிளம்பாது.

டி வகுப்பு மோட்டார் வரை, பொத்தானிலிருந்து ராக்கெட்டுக்குப் போகும் மின்வயரின் நீளம் 5 மீட்டருக்குக் குறையக் கூடாது. பிள்ளைகள் இன்னும் பின்னால் நிற்கட்டும். ஏவு கம்பியின் நுனி கண் மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். விடாத நேரத்தில் அதற்கு ஒரு மூடி, இல்லையென்றால் ஒரு பழைய டென்னிஸ் பந்து.

எங்கள் அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில், அல்லது லேஅவுட் பூங்காவில் விடலாமா?
– குடியிருப்போர் சங்க உறுப்பினர், மாரத்தஹள்ளி

இரண்டும் வேண்டாம். மாடியிலிருந்து விட்டதைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில்தான் தேட வேண்டியிருக்கும். கணக்கைப் பாருங்கள். 40 கிராம் ராக்கெட் 30 செ.மீ. பாராசூட்டில் விநாடிக்குச் சுமார் 3.7 மீட்டர் வேகத்தில் இறங்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று சற்று மெலிசு; சென்னையைவிட இங்கே கொஞ்சம் வேகமாகவே இறங்கும். 100 மீட்டரிலிருந்து இறங்க 27 விநாடி. மர இலை மட்டும் அசையும் இளங்காற்று விநாடிக்கு 3 மீட்டர். ஆக 80 மீட்டர் தள்ளிப் போய் விழும். சி மோட்டாரில் 300 மீட்டர் ஏறினால் இந்தத் தூரம் கால் கிலோமீட்டரை நெருங்கும். அமெரிக்க மாதிரி ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி ஏ மோட்டாருக்கு 30 மீட்டர், பி-க்கு 60, சி-க்கு 120 மீட்டர் அகல மைதானம் கேட்கிறது. அது குறைந்தபட்சம்.

இறங்கும் இடத்தைச் சுருக்க வழி உண்டு. பாராசூட்டின் நடுவில் வட்டமாக ஓட்டை போடலாம். ராக்கெட் இலேசாக இருந்தால் பாராசூட்டுக்குப் பதில் கிரேப் தாள் ரிப்பன் கட்டலாம்; நீளம், அகலத்தைப் போல் பத்து மடங்கு. காற்று வரும் பக்கம் கம்பியைச் சில பாகை சாய்க்கலாம், செங்குத்திலிருந்து 30 பாகையைத் தாண்டாமல். ஃபின் உள்ள ராக்கெட் தானாகவே காற்றை எதிர்த்துத் திரும்பும் என்பதால் அதிகம் சாய்க்காதீர்கள். காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் பெட்டியை மூடிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் காற்றில் பிற்பகல் வேலைக்கே ஆகாது. காலை ஏழு, எட்டு மணிதான் நேரம்.

அனுமதி தனி விஷயம். உங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே எச்.ஏ.எல். விமான நிலையம். வடக்கே போனால் ஜக்கூர், யெலஹங்கா விமானப்படைத் தளம், தேவனஹள்ளி. இந்த நகரில் வானம் காலி இல்லை. டிரோன்களுக்காக வைத்திருக்கும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் பச்சை நிறம் ராக்கெட்டுக்கு அனுமதி ஆகாது. நிலத்துக்காரரின் எழுத்துச் சம்மதம், காவல் நிலையம், விமானப் போக்குவரத்துத் தரப்பு, மூன்றும் வேண்டும். தனி ஆள் அலைவதைவிடக் கல்லூரியின் பெயரில் கேட்பது எளிது. மின்கம்பியில் மாட்டிய ராக்கெட்டை எடுக்க யாரையும் ஏற விடாதீர்கள். போனால் போகட்டும்.

மோட்டாரும் இல்லை, அனுமதியும் இல்லை. பள்ளிக் கண்காட்சிக்கு ஏதாவது பறக்க வேண்டுமே!
– ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், மர்ஃபி டவுன்

தண்ணீர் ராக்கெட் செய்யுங்கள். நிலைத்தன்மை, ஃபின், எடை எல்லாப் பாடமும் இதிலும் உண்டு. நெருப்பு மட்டும் இல்லை.

சோடா கலந்த பானம் வந்த 1.25 லிட்டர் பெட் பாட்டிலை எடுங்கள். அழுத்தம் தாங்கச் செய்தது அது. மினரல் வாட்டர் பாட்டில் கிழியும். கீறலோ வெள்ளைக் கோடோ இருந்தால் வேண்டாம். ஃபின்னுக்குப் பழைய விளம்பரப் பலகையின் நெளி பிளாஸ்டிக் அட்டை, டேப்பால் ஒட்டுங்கள். குளூ கன்னின் சூடான பசை பாட்டிலை மெலிய வைக்கும். மூக்கில் களிமண்ணோ பழைய சாக்ஸோ, உலோகம் எதுவும் கூடாது.

லேப் ரப்பர் கார்க்கில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை முழுதாகச் செருகி, 5 மீட்டர் குழாய் வழியே அளவுமானி உள்ள சைக்கிள் பம்ப்புடன் இணையுங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 400 மி.லி. தண்ணீர். அதிகம் ஊற்றினால் எடை கூடி, காற்றுக்கு இடம் குறையும். குறைவாக ஊற்றினால் வெளியே தள்ள எடை இருக்காது. பாதி ஊற்றியும் கால் ஊற்றியும் விட்டுப் பார்த்து உயரத்தைக் குறித்தால், கண்காட்சிக்கு வரைபடமே தயார். மூக்கை மேலே வைத்து மூன்று செங்கல்லுக்கு நடுவே நிறுத்துங்கள். அழுத்தம் 60 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பே கார்க் விட்டுக்கொடுத்துக் கிளம்பிவிடும். கிளம்பாமல் அடம்பிடித்தால் குனிந்து பார்க்காதீர்கள். பம்ப் முனையில் குழாயைக் கழற்றிக் காற்றை இறக்கிய பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

கயிற்றுச் சோதனையைக் காலி பாட்டிலில் செய்யுங்கள். தண்ணீர் ஒரு விநாடிக்குள் தீர்ந்துவிடும். மீதிப் பயணம் முழுவதும் அது காலி பாட்டில்தான்.

எவ்வளவு உயரம் போனது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– அதே மாணவர்கள்

பாகைமானியின் மையத்தில் நூல் கட்டி, ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். அதன் நேர் விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டி, அதன் வழியே ராக்கெட்டைப் பாருங்கள். உச்சியில் நூலை விரலால் அழுத்திப் பிடித்துப் படியுங்கள். நேராகப் பார்க்கும்போது நூல் 90-ல் நிற்கும், அதனால் படித்த அளவுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசமே ஏற்றக் கோணம். 100 மீட்டர் தள்ளி நின்றால், 30 பாகைக்கு 58 மீட்டர், 40-க்கு 84, 45-க்கு 100, 50-க்கு 119, 60-க்கு 173. உங்கள் கண்ணின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் ராக்கெட்டுக்கு 30 மீட்டர் தள்ளி நின்றால் போதும், மேலே உள்ளதை 0.3-ஆல் பெருக்குங்கள். ராக்கெட் உங்கள் பக்கம் சாய்ந்து வந்தால் உயரம் கூடுதலாகக் காட்டும். எதிரெதிர்த் திசையில் இருவர் நின்று அளந்து சராசரி எடுத்தால் இந்தப் பிழை குறையும்.

திப்புவின் ராக்கெட்டும் இதுவும் ஒரே வகைதானா?
– ஓய்வுபெற்ற வாசகர், ஃப்ரேசர் டவுன்

மருந்து ஒன்றுதான், கருமருந்து. மைசூர் ராக்கெட்டின் சிறப்பு இரும்புக் குழாய். அதிக அழுத்தம் தாங்கியதால் தூரம் போனது. காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் 1780-ல் ஆங்கிலப் படை அதன் அடியை வாங்கியது. 2018-ல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பழங்கிணற்றிலிருந்து அத்தகைய ராக்கெட் குழாய்களை நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள். அவற்றில் ஃபின் கிடையாது. நீண்ட மூங்கில்தான் வால். நம் கிட்டில் இரும்பு இல்லாததற்கும் காரணம் அந்தக் குழாய்தான். காகிதம் வெடித்தால் கிழியும், இரும்பு வெடித்தால் சிதறிப் பாயும்.

ஒரே ராக்கெட்டை எத்தனை தடவை விடலாம்?
– பல வாசகர்கள்

மோட்டார் ஒரு தடவைக்கு. உடல் எத்தனை தடவைக்கு வேண்டுமானாலும். ஒவ்வொரு முறையும் இறங்கியதும் மூன்று இடங்களைப் பாருங்கள். ஃபின்னை மெல்ல ஆட்டுங்கள்; அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பசை வைத்து மறுநாள் விடுங்கள். குழாயின் வாயை விளக்கில் காட்டுங்கள். மடிந்திருந்தால் உள்பக்கம் மெல்லிய காகிதம் ஒட்டுங்கள். எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள். சூடுபட்ட இடம் கறுத்து, இழுத்தால் திரும்பாமல் தொளதொளவென்று நின்றால், அதை மாற்றிவிட்டுத்தான் அடுத்த முறை கம்பியில் மாட்ட வேண்டும்.